பாஸ்வேர்டு சரி, ஆனாலும் உள்ளே விடவில்லை: பழைய மெயில் ஐடியை இழந்தவர்கள் இங்கே எழுதலாம்

2 பிப்ரவரி 2025, வாசகர் கேள்வி

"2003-லிருந்து ஒரே மெயில் ஐடி. போனை மாற்றினேன். பாஸ்வேர்டு சரியாகத்தான் கொடுக்கிறேன். 'இது நீங்கள்தான் என்று உறுதி செய்ய முடியவில்லை' என்று திருப்பி அனுப்புகிறது. பழைய நம்பர் இப்போது என்னிடம் இல்லை. பாஸ்வேர்டு தெரிந்தவனை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? யாராவது மீட்டிருக்கிறீர்களா?"

2 பிப்ரவரி, இரவு

எனக்கும் இதேதான் நடந்தது, போன வருடக் கடைசியில். இன்னும் மீட்கவில்லை. எந்தச் சேவை என்று சொல்லப்போவதில்லை. பெரிய சேவைகளில் நடைமுறை ஏறத்தாழ ஒன்றுதான்.

2001-ல் மஸ்கட் போவதற்கு முன் சீர்காழி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து திறந்த கணக்கு. பிற்பாடு கேட்டபோது மீட்பு எண்ணாக ஓமன் நம்பரையும், மீட்பு முகவரியாக அலுவலக மெயிலையும் கொடுத்தேன். கம்பெனி மூடப்பட்டது, அலுவலக மெயில் அதோடு போனது. ஊருக்குத் திரும்பியதும் ஓமன் நம்பரும் போனது. லேப்டாப்பில் லாகின் திறந்தபடியே இருந்ததால் வருடக்கணக்கில் ஒரு தொந்தரவும் தெரியவில்லை. அப்புறம் மதர்போர்டு போயிற்று. புது லேப்டாப்பில் பாஸ்வேர்டு கொடுத்தால், ஓமன் நம்பருக்கு ஓடிபி அனுப்பட்டுமா என்று கேட்டது. அங்கேயே நிற்கிறேன்.

பாஸ்வேர்டு ஏன் போதவில்லை? உலகத்தில் திருடப்பட்ட பாஸ்வேர்டுகள் அவ்வளவு இருக்கின்றன. யாஹூவில் 2013-ல் நடந்த திருட்டு மட்டுமே 300 கோடிக் கணக்குகளைத் தொட்டது. அந்த முழு அளவு 2017-ல்தான் வெளியே வந்தது. அதனால் இன்று பாஸ்வேர்டு பல அடையாளங்களில் ஒன்று மட்டுமே. எந்தக் கருவி, எந்த பிரவுசர், எந்த ஊர், எந்த இணைப்பு என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

ஆகவே உங்களுக்கு முதல் வேலை: பழைய போன் வீட்டில் கிடந்தால் சார்ஜ் போடுங்கள். சிம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எப்போதும் பயன்படுத்திய அதே வீட்டு வைஃபையில், அதே பிரவுசரில் முயலுங்கள். பழக்கப்பட்ட கருவி, பழக்கப்பட்ட இடம் என்று கூகுள் தன் உதவிப் பக்கத்திலேயே சொல்கிறது. கேள்விகளைத் தாண்டிப் போகாதீர்கள். பழைய பாஸ்வேர்டு கேட்டால் நினைவில் இருக்கும் கடைசி ஒன்றையாவது கொடுங்கள். நண்பர் வீட்டிலிருந்து ஒரு தடவை, ஆபீசிலிருந்து ஒரு தடவை என்று அலையாதீர்கள். புது இடங்களிலிருந்து தட்டத் தட்ட சந்தேகம்தான் கூடும்.

3 பிப்ரவரி

ஒன்றை விட்டுவிட்டேன், அவசரமானது. "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடாதீர்கள். இலவச மெயில் சேவைகள் பொதுவாகப் போனில் கணக்கு மீட்டுத் தருவதில்லை. தேடலில் வரும் எண்களில் பல மோசடிக்காரர்கள் போட்டுவைத்தவை. இனிமையாகப் பேசுவார்கள், திரையைப் பகிரும் செயலி ஒன்றை இறக்கச் சொல்வார்கள், பத்து ரூபாய் கட்டிப் பாருங்கள் என்பார்கள். என் பழைய சக ஊழியர் ஒருவர் மெயிலைத் தேடப்போய் சேமிப்பை இழந்தார். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு.

5 பிப்ரவரி

கோபம் எனக்கு இதில்தான். என் ஆதார் என்னிடம் இருக்கிறது. பாஸ்போர்ட் இருக்கிறது, அதில் ஓமன் விசா முத்திரைகள் இருக்கின்றன. அந்தக் கணக்கில் உள்ள மெயில்களில் யார் யாருக்கு என்ன எழுதினேன் என்று பக்கம் பக்கமாகச் சொல்ல முடியும். ஆனால் கேட்பதற்கு ஆள் இல்லை. பூர்த்தி செய்ய ஒரு படிவம், மறுக்க ஒரு இயந்திரம். எந்தக் காரணத்துக்காக மறுத்தது என்றும் சொல்வதில்லை. வங்கியில் கையெழுத்து மாறிப்போனால் மேனேஜர் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறார். இங்கே நான் யார் என்று கேட்கவே ஆள் கிடையாது.

ஒரு மனிதர் வேண்டும். அடையாள அட்டையைப் பார்த்து முடிவு செய்யும் ஒருவர். கட்டணம் கேட்டாலும் கொடுப்பேன்.

9 பிப்ரவரி

மேலே எழுதியதை இந்த வாரம் முழுக்க யோசித்தேன். மனிதர் இருந்தால் சரியாகிவிடுமா?

2012 ஆகஸ்டில் மேட் ஹோனன் என்ற அமெரிக்கத் தொழில்நுட்பப் பத்திரிகையாளருக்கு நடந்ததைப் பலர் படித்திருப்பீர்கள். திருடர்கள் முதலில் அமேசானுக்குப் போன் போட்டு அவருடைய கார்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பெற்றார்கள். அதையும் வீட்டு முகவரியையும் சொல்லி ஆப்பிள் உதவி மையத்தில் தற்காலிக பாஸ்வேர்டு வாங்கினார்கள். அதை வைத்து ஜிமெயில், அங்கிருந்து ட்விட்டர். போகிற போக்கில் போன், ஐபேட், லேப்டாப் மூன்றையும் தொலைவிலிருந்தே அழித்தார்கள். குழந்தையின் படங்களும் அதில் இருந்தன. கதவைத் திறந்துவிட்டது போனில் பேசிய மனிதர்கள். இரக்கப்பட்டு, உதவி செய்வதாக நினைத்துத் திறந்தார்கள்.

2008-இல் சாரா பாலின் விஷயமும் இருக்கிறது. அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சமயத்தில் அவருடைய யாஹூ கணக்கை ஒரு மாணவன் திறந்தான். பிறந்த தேதி, அஞ்சல் எண், கணவரை எங்கே சந்தித்தார் என்ற மூன்று விவரங்களும் இணையத்தில் தேடினால் கிடைத்தவை.

ஆகவே மனிதர் மட்டும் போதாது. நான் இப்போது கேட்பது காலம். அடையாள ஆவணங்களை வாங்கிக்கொள்ளட்டும். மீட்கும் கோரிக்கை வந்திருக்கிறது என்று அந்தக் கணக்குக்கும் பழைய எண்ணுக்கும் திரும்பத் திரும்பத் தெரிவிக்கட்டும். மூன்று மாதம், ஆறு மாதம் காத்திருக்கட்டும். உண்மையான சொந்தக்காரர் உள்ளே இருந்தால் ஒரு சொடுக்கில் தடுத்துவிடுவார். யாரும் தடுக்காவிட்டால் திறக்கட்டும். திருடனுக்குக் காத்திருக்க நேரமில்லை. அப்பாவின் கடிதங்களைத் தேடுகிறவனுக்கு ஆறு மாதம் பெரிதில்லை.

9 பிப்ரவரி, பின்னிரவு

ரகசியக் கேள்விகளைப் பற்றிக் கேட்டவருக்கு: பழைய கணக்குகளில் அது நம்மூர்க்காரர்களைப் படுத்திய பாடு தனி. "தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர்" என்று கேட்டால் இனிஷியல் வைத்துக்கொள்ளும் குடும்பத்தில் பிறந்தவன் என்ன எழுதுவான்? தாத்தா பெயரா, ஊர்ப் பெயரா? "பிறந்த ஊர்" இன்னும் கடினம். சீர்காழியில் ழ-வை எந்த ஆங்கில எழுத்துகளால் எழுதுவது என்பதற்கு ஊருக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. பழைய ஆவணங்களில் ஷியாளி என்றே இருக்கும். 2001-ல் எதைத் தட்டினேனோ, அதை எழுத்துக்கு எழுத்து இயந்திரம் எதிர்பார்க்கும். நல்லவேளை, அந்த முறையைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள்.

15 பிப்ரவரி

பழைய நம்பர் இப்போது யாரிடம் இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். வேறு ஒருவரிடம்தான். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் சும்மா வைத்திருந்துவிட்டுப் புதியவருக்குக் கொடுத்துவிடலாம். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வந்த வழக்கிலும் இதைத்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னது. பழைய எண்ணிலுள்ள தரவைப் பார்த்துக்கொள்வது பழைய சந்தாதாரரின் பொறுப்பு என்று நீதிமன்றம் விட்டுவிட்டது.

தமிழ்நாட்டில் இது எத்தனை பேரைத் தொட்டிருக்கும் என்பதற்கு 2018-ஐ நினைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் போனது, நிறுவனம் திவால் மனு போட்டது. அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாற (போர்ட் செய்ய) எஸ்எம்எஸ் போகாமல் கடை வாசல்களில் கூட்டம் நின்றது. சலித்துப்போய்ப் புது நம்பர் வாங்கியவர்கள் என் சுற்றத்திலேயே உண்டு. அந்த எண்ணோடு எந்தெந்தக் கணக்கு கட்டப்பட்டிருக்கிறது என்று அந்த வாரம் யாருக்கு யோசிக்கத் தோன்றும்?

என் ஓமன் எண்ணை மஸ்கட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு பெண்மணி எடுத்திருக்கிறார். ஒரு குறியீடு வரும், சொல்ல முடியுமா என்று கேட்டதும் மரியாதையாக மறுத்து வைத்துவிட்டார். அவர் செய்ததுதான் சரி. என் வீட்டில் யாருக்காவது அப்படி அழைப்பு வந்தால் நானும் அதையே செய்யச் சொல்வேன். மறுபடி கூப்பிட வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன்.

மெயில் ஐடியும் இப்படிக் கைமாறியது உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் திறக்கப்படாத ஐடிகளை 2013-ல் யாஹூ மற்றவர்களுக்குக் கொடுத்தது. புதியவர்களுக்குப் பழையவர்களின் மெயில் வர ஆரம்பித்தது. யாஹூவும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து, "இந்தத் தேதி முதல் இதே ஆளிடம் இருந்தால் மட்டும் ஒப்படைக்கவும்" என்று மெயிலின் தலைப்பிலேயே சொல்லும் முறையை உருவாக்க வேண்டியிருந்தது. 2014-ல் அது ஆர்எஃப்சி 7293 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளியானது. ஜிமெயிலில் அழித்த முகவரியை வேறு யாருக்கும் தருவதில்லை, அந்த மட்டும் நிம்மதி. ஆனால் அங்கேயும் இரண்டு வருடம் திறக்காத கணக்கு அழிக்கப்படலாம். 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களின் கணக்கை எப்போதாவது திறந்து வையுங்கள்.

22 பிப்ரவரி

கணக்கு மீளுமா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஐடியை எங்கெல்லாம் கொடுத்திருக்கிறோம் என்ற வேலையை உடனே தொடங்க வேண்டும். இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

சிக்கல் எப்படி வருகிறது என்றால், மெயில் ஐடியை மாற்றப் போனால் பாதி இடங்களில் பழைய மெயிலுக்கே ஓடிபி அனுப்புகிறார்கள். அதைத் திறக்க முடியாமல்தானே மாற்ற வந்தோம்! கைபேசி எண்ணுக்கும் ஓடிபி அனுப்பும் இடங்கள் தப்பித்தன. இரண்டும் வேண்டும் என்று கேட்கும் இடங்களில் நேரில் போவதுதான் வழி.

முதலில் வங்கி. நெட் பேங்கிங்கில் முடியாவிட்டால் கிளையில் ஒரு படிவம், ஆதார், பான் நகல். எனக்கு அன்றைக்கே எழுதி வாங்கிக்கொண்டார்கள். வருமான வரித் தளத்தில் ஆதார் ஓடிபி வழியாகவோ நெட் பேங்கிங் வழியாகவோ நுழைய முடியும், பிறகு உள்ளே மெயிலை மாற்றலாம். பிஎஃப்-க்கு ஆதாரோடு இணைந்த கைபேசி எண்தான் உயிர், மெயில் இரண்டாம்பட்சம். மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருப்பவர்கள் ஃபண்ட் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் நிறுவனங்களின் சேவை மையங்களில் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். மாதாந்திர அறிக்கை பழைய மெயிலுக்கே போய்க்கொண்டிருந்தால் யாராவது பணத்தை எடுத்தாலும் நமக்குத் தெரியாது. காப்பீட்டையும் மறக்காதீர்கள், புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் மெயிலில்தான் வருகிறது.

ஷாப்பிங் தளங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு இதில் பட்டது: கவுன்டரும் காகிதமும் இருக்கிற இடங்களில் எல்லாம் வேலை முடிந்தது. வரிசையில் நிற்கவைத்தார்கள், ஜெராக்ஸ் எடுத்துவரச் சொன்னார்கள், ஆனால் நான் நான்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

2 மார்ச்

"புது ஐடி திறந்துகொண்டால் முடிந்தது, இதற்குப் போய் ஏன் இவ்வளவு?" என்று கேட்டிருந்தார் ஒருவர். நியாயமான கேள்வி. பதில் நீளம்.

நான் மஸ்கட் போன புதிதில் ஐஎஸ்டி கட்டணம் நினைத்தபடி பேச விடாது. அப்பா வாரத்தில் ஒருநாள் கடைத்தெரு பிரவுசிங் சென்டருக்கு நடந்து போவார். அவருக்குத் தட்டச்சு வராது. அங்கே வேலை பார்த்த பையனிடம் சொல்லச் சொல்ல, அவன் தமிழை ஆங்கில எழுத்துகளில் அடிப்பான். அப்பா சொல்வதை அவன் அப்படியே அடிப்பான், வெட்டமாட்டான். "தம்பி, இதை எழுதாதே, ஆனா மழை சரியில்ல" என்று ஒரு கடிதத்தில் வரும். நடவு, காவிரியில் தண்ணீர் வந்த தேதி, சட்டைநாதர் கோயில் திருவிழா, அத்தை வீட்டுத் தகராறு, உரம் விலை. சில கடிதங்களின் கடைசியில் அந்தப் பையனே "அண்ணா, ஐயா நல்லா இருக்காங்க" என்று ஒரு வரி சேர்த்திருப்பான்.

அப்பா 2009-ல் காலமானார். அவர் கையெழுத்தில் எனக்கு வந்த கடிதம் ஒன்றுகூடக் கிடையாது. கடிதம் என்றால் அந்த மெயில்கள்தான். டெல்டாவில் ஒரு சின்ன விவசாயி எட்டு வருடம் வாரந்தோறும் சொன்ன செய்தி அது. புது ஐடி திறந்தேன், அதில் கேஸ் பில் வருகிறது. அது வருவதற்கு எந்த ஐடியும் போதும்.

மெயிலை ஒரு பொட்டி என்று வைத்துக்கொண்டால், சாவி தொலைந்தவனுக்குப் பூட்டை உடைத்துத் தர ஊரில் ஆள் உண்டு. இங்கே பொட்டியே அடுத்தவர் வீட்டில் இருக்கிறது.

3 மார்ச்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் கூப்பிட்டார். அப்பா பல கடிதங்களை எங்கள் இருவருக்கும் சேர்த்தே அனுப்பச் சொல்வாராம். எனக்கு மட்டும் வந்ததாக இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவருடைய கணக்கில் தேடுகிறார்.

8 மார்ச்

வந்துவிட்டது! எல்லாம் இல்லை, ஒரு பகுதி. 2004-க்குப் பிறகு உள்ளவை அதிகம். தேதியும் தலைப்பும் அப்படியே இருக்கட்டும் என்று ஃபார்வர்டு செய்யாமல், ஒவ்வொன்றையும் கோப்பாக இறக்கி அனுப்பச் சொன்னேன். தண்டர்பேர்டு என்ற மெயில் செயலியில் திறக்கிறது. முழுக் கணக்கையும் எடுக்க விரும்புகிறவர்கள் கூகுள் டேக்அவுட்டில் எம்பாக்ஸ் வடிவில் வாங்கலாம், அதையும் தண்டர்பேர்டு படிக்கும். அண்ணனை இந்த வாரமே அதைச் செய்யவைத்து, ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுத்துவிட்டோம்.

ஆகவே இழந்தவர்களுக்கு என் யோசனை: சேவையிடம் கெஞ்சுவதோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் எழுதியவை, உங்களுக்கு வந்தவை இரண்டுக்கும் இன்னொரு முனை இருக்கிறது. நண்பர்களிடம், உறவினரிடம் உங்கள் பெயரைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். அவர்களுடைய "அனுப்பியவை" பெட்டியில் உங்கள் கடிதங்களின் மறுபாதி இருக்கும்.

16 மார்ச்

கொஞ்சம் விலகிப் போகிறேன். மரத்தடி, ராயர் காபி கிளப் என்று யாஹூவின் தமிழ் மெயில் குழுமங்களில் கிடந்தவர்கள் இங்கே சிலர் இருப்பது தெரிகிறது. 2019 கடைசியில் பழைய பதிவுகளை அகற்றினார்கள், 2020 டிசம்பரில் குழுமங்களையே மூடினார்கள். பிரதி எடுக்கக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார்கள். அந்த அறிவிப்பு போனது அவரவர் பழைய மெயில் ஐடிக்கு. அதைத் திறக்க முடியாதவர்களுக்கு ஒரு தலைமுறை இணையத் தமிழ் சொல்லாமலே போனது. சேமித்தவர்களின் கையிலும் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் எழுதிய மடல்கள் இன்றைய திரையில் கிறுக்கலாகத்தான் தெரியும், யூனிகோடுக்கு மாற்றினால்தான் படிக்கலாம். உங்களிடம் இருந்தால் மாற்றி வையுங்கள்.

இன்னொன்றும் தோன்றுகிறது. 1995 ஆகஸ்ட் 15-ல் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இந்தியாவில் இணையத்தைப் பொதுமக்களுக்குக் கொடுத்தபோது, மெயில் முகவரி அந்த இணைப்போடு ஒட்டியது. இணைப்பை விட்டால் முகவரியும் போகும். அடுத்த வருடம் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயில் என்ற இலவச மெயில் சேவையைத் திறந்தார்கள். வேலை மாறினாலும் நாடு மாறினாலும் முகவரி மாறாது. எந்த ஊர் பிரவுசிங் சென்டரிலிருந்தும் திறக்கலாம். வளைகுடாவுக்குப் போனவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இப்போது அதே முகவரியை ஒரு சிம் கார்டோடு மறுபடி கட்டிப்போட்டிருக்கிறார்கள். ஊர் மாறுகிறவன், நாடு திரும்புகிறவன், ரீசார்ஜ் செய்ய முடியாமல் எண்ணை விட்டவன்தான் முதலில் வெளியே தள்ளப்படுகிறான். இந்த இழையில் எழுதியவர்களைப் பாருங்கள், பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள்.

30 மார்ச்

இறந்தவர்களின் கணக்கு பற்றி: 2004-ல் ஈராக்கில் இறந்த அமெரிக்கப் படைவீரர் ஒருவரின் பெற்றோர் அவருடைய யாஹூ மெயில்களைக் கேட்டார்கள். விதிப்படி முடியாது என்றது நிறுவனம். மிச்சிகன் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2005-ல் மெயில்களைக் கொடுத்தார்கள். கூகுளில் 2013 முதல் ஒரு ஏற்பாடு உண்டு: நாம் குறிப்பிட்ட மாதங்கள் திறக்காவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதைக் கொடுக்கலாம் என்று முன்பே எழுதிவைக்கலாம். நம் நாட்டில் 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு நாமினி வைக்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. 2025 ஜனவரியில் விதிகளின் வரைவுக்குக் கருத்துக் கேட்டார்கள். கணக்கை இழந்த உயிருள்ளவர்களுக்கும் ஒரு வழி வேண்டும் என்று நான் எழுதி அனுப்பினேன்.

12 ஏப்ரல்

கடைசி நிலவரம் கேட்டவர்களுக்கு. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி பெரிய சேவைகளுக்கு இந்தியாவில் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, 15 நாளில் தீர்க்க வேண்டும் என்பது 2025-ல் இருந்த விதி. எழுதினேன். மீட்புப் பக்கத்தின் இணைப்பையே பதிலாக அனுப்பினார்கள். அதற்கு மேல் குறைதீர் மேல்முறையீட்டுக் குழு என்று அரசின் அமைப்பு இருக்கிறது, 2023 மார்ச் முதல் செயல்படுகிறது. எல்லாம் ஆன்லைனில்தான், வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே மேல்முறையீடு பதிவாகிவிட்டது.

இந்த வழியில் போகிறவர்கள் கவனிக்க: அலுவலரின் பதில் வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அந்தப் பதில் மெயிலையும் தேதியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பதிவேற்றச் சொல்வார்கள். புகாரை அனுப்பும் புது ஐடிக்கு மீட்பு எண் சரியாக இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.